கால் தராத மட்டக்குதிரை

அழுகிய குளம்புக்கு ஒரு வாடை உண்டு. மழையில் மக்கிய சாக்கும் கெட்டுப்போன முட்டையும் சேர்ந்த மாதிரி... எங்கள் தோட்டத்து ஆபீஸின் பின்ஜன்னலைத் திறந்தால் அதுதான் முதலில் உள்ளே வரும்.

எண்பதுகளின் நடுப்பகுதி. மலேசியாவில் பத்தாங் பெர்ஜுந்தாய் பக்கம், பாமாயில் எடுக்கும் ஒரு செம்பனைத் தோட்டம். எங்கள் தொழிலாளர் லயத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். வாங்கிய நேரம், நாட்டில் வேலை இல்லை. ஆபீஸ் கணக்கு வழக்கைப் பார்க்கும் பெரிய கிராணி பாவம் பார்த்து டைப் அடிக்க வைத்துக்கொண்டார். ஜன்னலோர மேசை. யாரிடமும் அதிகம் பேசமாட்டேன். பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஜன்னலுக்கு வெளியே பழைய லோரிக் கொட்டகை. அதில் ராணி இருந்தது. துரை, அதாவது தோட்டத்து மேனேஜர், தன் மகள் ஏறி விளையாட வாங்கிய மட்டக்குதிரை. மண் நிறம், நெற்றியில் வெள்ளைச் சுட்டி. முன்பு வைத்திருந்தவர்கள் நிறைய அடித்திருக்க வேண்டும். யார் கையை உயர்த்தினாலும் மிரளும். கால்களை மட்டும் யாருக்கும் தராது.

அதைப் பார்த்துக்கொண்டவர் அஞ்சலை அக்கா. அதற்குமுன் பத்து வருஷம் முதுகில் டின்னைச் சுமந்து களைக்கு மருந்தடித்தவர். நகங்கள் கருத்து, இரண்டு விழுந்தே போயிருந்தன. அடிக்கடி மூக்கில் ரத்தம் வரும். தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸர் எழுதிக் கொடுத்த பிறகுதான் கொட்டகை வேலைக்கு மாற்றினார்கள்.

அதன் அழுகிப்போன குளம்பைச் சீவ கோலாலம்பூரிலிருந்து ஓர் ஆள் வந்தார். ராணி உதைத்த உதையில் அவருடைய சாமான் பெட்டி வாசலில் போய் விழுந்தது. அவர் சிதறியதைப் பொறுக்கிக்கொண்டு போய்விட்டார்.

வெளிவேலையை மேற்பார்க்கும் மண்டோர்தான் சேதி கொண்டுவந்தார்.

"அடுத்த மாசம் திரும்ப வருவானாம். அப்பவும் காலு குடுக்கலன்னா துரை இத வித்துருவாரு. நீ பழையபடி டின்ன தூக்க வேண்டியதுதான்லா, அஞ்சல."

"நான் எதுக்கு? இந்த தடவ நீங்க தூக்குங்க மண்டோரே. தொப்பையாவது கொறையும்."

மண்டோர் சிரித்துக்கொண்டே போனார். அவர் போனதும் அக்கா தன் நகங்களைப் பார்த்துக்கொண்டு நின்றது எனக்கு ஜன்னலில் தெரிந்தது.

மறுநாள் ஆரம்பித்தார். முதல் நாள் தோள்பட்டையில் கை வைத்ததோடு சரி, ஒரு வெல்லக்கட்டி கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அடுத்து முழங்கை வரை. அடுத்து முட்டிக்குக் கீழே. கை மெதுவாக இறங்கும், வாய் ஓயாது.

"அடியே மகாராணி, ஒன் காலு என்ன தங்கமா? கட்டிக்கிட்டு வந்த வீட்டுல கூட நான் இப்படி கெஞ்சுனதில்லடி..."

குளம்பைத் தொடும்வரை ராணி பேசாமல் நிற்கும். தொட்டு ஒரு நொடிதான். துள்ளிப் பின்வாங்கும். இரண்டாவது வாரத்திலும் அப்படியேதான். வாடை மட்டும் கூடிக்கொண்டே வந்தது.

ஒரு நாள் டைப் அடிப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தேன். குளம்பைத் தொட்டதும் அக்காவின் கை தானாக மேலே போய்க் கண்ணில் ஒத்திக்கொண்டது. தோட்டத்து நுழைவில் முனியாண்டி கோயில். வாசலில் சிமெண்டுக் குதிரை. வேலைக்குப் போகிற எல்லோரும் அதன் காலைத் தொட்டுக் கண்ணில் ஒத்திக்கொண்டுதான் போவோம். அந்தப் பழக்கம். குதிரையின் காலைத் தொட்டால் கை நிற்காது. ராணிக்கு அது கோயில் விஷயமா தெரியும்? ஒரு கை விருட்டென்று உயருகிறது... அவ்வளவுதான்.

கண்டுபிடித்துவிட்டேன். ஆனால் சொல்லவில்லை. நாலு எழுத்து படித்துவிட்டு வந்து நமக்கே சொல்லிக் கொடுக்கிறாள் என்று நினைத்துவிட்டால்? நான்கு நாள் அப்படியே போனது. ஐந்தாம் நாள் சாப்பாட்டு நேரத்தில் கொட்டகைக்குப் போனேன்.

"அக்கா... கால தொட்டதும் கண்ணுல ஒத்திக்கிறீங்க."

"நானா? எப்ப?"

"ஒவ்வொரு வாட்டியும்."

நம்பாமல் ராணியின் காலைத் தொட்டார். கை கிளம்பி நெஞ்சு வரை வந்துவிட்டது. அங்கேயே நிறுத்தி, அதை யாரோ ஒருவருடைய கை மாதிரிப் பார்த்தார். ராணி அதற்குள் சுவரோரம் போயிருந்தது.

"அட பாவி கையே! ஏன் புள்ள, எத்தன நாளா இத பாத்துக்கிட்டு இருந்த?"

"நாலு நாளு."

"நாலு நாளா! டிகிரி வாங்குனா வாயத் தொறக்கக் கூடாதுன்னு சட்டமா?"

எனக்குக் காது சூடானது.

"சாமி கோவிச்சுக்காதாக்கா?" என்று கேட்டு வைத்தேன்.

"கடைசியில மொத்தமா கும்புட்டுக்கிறேன்னு முனியாண்டிகிட்ட சொல்லிக்கிறேன். அவருக்கு என் கஷ்டம் தெரியும்லா."

பிறகு, தொட்ட கையைக் குளம்பிலேயே வைத்திருக்கப் பழகினார். குதிரையை விட அவருக்குத்தான் அதிக நாள் பிடித்தது என்று நினைக்கிறேன். ராணி எட்டாம் நாள் முன்னங்காலைத் தூக்கிக் கொடுத்தது. பின்னங்காலுக்கு இன்னும் மூன்று நாள்.

குளம்பு சீவுகிறவர் வந்தார். நான்கு காலும் முடிந்தது. அக்கா ராணியின் கழுத்தைத் தட்டிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தார். தூணுக்குப் பின்னால், குதிரை பார்க்காத இடத்தில் நின்று, கையைக் கண்ணில் ஒத்திக்கொண்டார். நான்கு முறை.

துரை மாற்றலாகிப் போகும்வரை ராணி இருந்தது. பிறகு அக்காவை ஆயாக்கொட்டகைக்குப் பிள்ளை பார்க்கப் போட்டார்கள். டின்னை அவர் மறுபடி தூக்கவே இல்லை.

போன வாரம் ரவாங்கில் கிளினிக்குக்குப் போயிருந்தேன். சர்க்கரை இருப்பதால் வருஷத்துக்கு ஒரு தடவை காலைப் பார்ப்பார்கள். நர்ஸ் ஒரு சின்னப் பெண், நம் தமிழ்ப் பெண்தான். வந்தவுடன் நேராகப் பாதத்தைப் பிடித்தாள். நான் வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன்.

"ஆண்ட்டி, ரிலேக்ஸ் லா. ஒன்னும் பண்ண மாட்டேன்."

கையுறை போட்டிருந்தாள். யார் காலைத் தொட்டாலும் கை மேலே போகாது. இரண்டு நிமிஷத்தில் முடித்துவிட்டாள்.

முட்டியிலிருந்து ஆரம்பிம்மா, மெதுவா இறங்கு என்று அவளிடம் சொல்ல நினைத்தேன்.

சொல்லவில்லை. அடுத்த செக்கப்பில் சொல்லலாம், அதற்கு இன்னும் ஒரு வருஷம் இருக்கிறது...