அக்கா மகளின் இரண்டு அழுகைகள்

எங்கள் வீட்டில் அக்காவோடு கையால் பேசத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். இதில் பெருமைப்பட ஒன்றும் இல்லை. அவளுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. அவளுக்குப் பின் பிறந்தவள் நான். ஒரே பாயில் படுத்து, ஒரே சீப்புக்கு அடித்துக்கொண்டு வளர்ந்தோம். சண்டை போடவாவது ஒரு மொழி வேண்டுமே. அவள் படித்த பள்ளியில் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ளத்தான் பழக்கினார்கள். கையை ஆட்டினால் திட்டு விழும். விடுதியில் பிள்ளைகள் தங்களுக்குள் கற்றுக்கொண்டதுதான் அவளுடைய உண்மையான மொழி. விடுமுறைக்கு வரும்போதெல்லாம் அதை எனக்கும் கொண்டுவந்தாள்.

அப்பா துறைமுகத்தில் சரக்கு தூக்கும் விஞ்ச் ஓட்டியவர். இரைச்சலுக்கு நடுவே வேலை பார்த்த தொண்டை வீட்டுக்கு வந்தும் இறங்காது. அக்காவிடம் பேச வேண்டுமென்றால் குரலை இன்னும் கொஞ்சம் கூட்டிக்கொள்வார். சாப்பிடு, வா, கொடு, போதும் என்பதற்கு மேல் அவருக்குச் சைகை தெரியாது. காது கேளாதவர்கள் ஒருவருக்கொருவர் சைகையிலேயே பெயர் வைத்துக்கொள்வார்கள். ஆளைப் பார்த்ததும் எது கண்ணில் படுகிறதோ அதுதான் பெயர். இதில் தாட்சண்யமே கிடையாது. எனக்குப் புருவத்துத் தழும்பு. அப்பாவுக்கு, ஆவென்று பிளந்த வாய். அது யாரைக் குறிக்கிறது என்று அவர் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை.

மாப்பிள்ளையை அக்கா தானே பார்த்துக்கொண்டாள். ஞாயிறு மாலைகளில் ராயபுரம் ஸ்டேஷன் பக்கம் காது கேளாதவர்கள் வட்டமாக நின்று பேசிக்கொண்டிருப்பார்கள். அங்கே நல்ல வெளிச்சம் இருக்கும், யாரும் விரட்டுவதும் இல்லை. கிளம்புகிறேன் என்று சொன்ன பிறகுதான் அவர்களுக்குப் பேச்சே சூடு பிடிக்கும். நான் எத்தனையோ ரயிலை விட்டிருக்கிறேன். அந்த வட்டத்தில் நின்றவர்தான் மாமா. எண்ணூர்ப் பக்கம் ஒரு பட்டறையில் வெல்டர். காது கேட்கிற மாப்பிள்ளைதான் வேண்டும் என்று அப்பா கொஞ்ச நாள் முறுக்கிக்கொண்டு திரிந்தார். நடக்கவில்லை.

திருவொற்றியூரில் ஒரு மாடி வீட்டில் குடித்தனம் வைத்தார்கள். கண்டெய்னர் லாரி போனால் வீடே அதிரும். அந்த வீட்டுக்கு என்று சில ஒழுங்குகள் இருந்தன. கூப்பிட வேண்டுமென்றால் தரையைக் காலால் தட்ட வேண்டும், இல்லையென்றால் லைட்டை அணைத்துப் போட வேண்டும். முதுகைக் காட்டிக்கொண்டு பேசக் கூடாது. பேசிக்கொண்டிருப்பவரின் கையைப் பிடிக்கவே கூடாது. அது வாயைப் பொத்துவதற்குச் சமம். புருஷன் பெண்டாட்டி சண்டையில் அக்கா திடீரென்று கண்ணை மூடிக்கொள்வாள். அதற்கு மேல் மாமா என்ன சொல்லி என்ன ஆகப் போகிறது? எனக்கே சில சமயம் அந்த வசதி வேண்டும் என்று தோன்றும்.

மகள் பிறந்தாள். ஆஸ்பத்திரியில் சோதித்துவிட்டு, காது நன்றாகக் கேட்கிறது என்றார்கள். அப்பா வராந்தாவில் நின்று அழுதார். நானும் அழுதேன். அக்காவிடம் சொன்னபோது அவள் தலையை மட்டும் ஆட்டினாள். அதில் சந்தோஷம் இருந்ததா என்று இன்றும் என்னால் சொல்ல முடியாது.

குழந்தை தவழ ஆரம்பித்ததும் அப்பா பேச்சை எடுத்தார். கல்மண்டபத்தில் அம்மா இல்லாத எங்கள் வீட்டில் என் அத்தையும் இருந்தார். குழந்தை அங்கே வளரட்டும், பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது அக்காவிடம் போகட்டும் என்பது அவர்கள் இருவரும் கூடிப் பேசி எடுத்த முடிவு.

"ரெண்டு பேரும் வாயத் தொறக்காத வூட்ல கொயந்த எப்டிம்மா பேசக் கத்துக்கும்? நாலு வார்த்தை காதுல வியணும்ல? நான் இன்னா, புள்ளையப் புடுங்கிக்கினா போறேன்?" என்றார் அப்பா.

எதையும் சீவி மழுக்காமல் அப்படியே சொல்ல வேண்டும் என்பது அக்கா எனக்குப் போட்டிருந்த உத்தரவு. அப்படியே சொன்னேன். அவளும் நறுக்கென்று பதில் சொன்னாள்.

"பிடுங்கத்தான் போகிறீர்கள்."

அதையும் அப்படியே சொன்னேன். அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஆனால் மாமா தளர்ந்துவிட்டார். கடையில், பஸ்ஸில், பட்டறையில் என்று நாள் தவறாமல் ஊராரின் இளிப்பைப் பார்த்தவர். மகள் வாய் நிறையப் பேச வேண்டும் என்ற ஆசையில் சரி என்று தலையாட்டிவிட்டார். பொங்கல் கழிந்த ஞாயிற்றுக்கிழமை அழைத்துப் போவதாக ஏற்பாடாயிற்று. அதற்கு முன் ஒரு நாள் நான் போயிருந்தபோது அக்கா என்னை டியூப்லைட்டுக்குக் கீழே நிறுத்திச் சொன்னாள்:

"திரும்பி வரும்போது அவள் வாயால் பேசுவாள். என்னோடு யார் பேசுவது? இந்தத் தெருவில் எல்லோரும் இருப்பதுபோல அவளும் இந்த வீட்டில் இருப்பாள்."

அப்பா பக்கம் நியாயமே இல்லை என்று சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை. குழந்தை எப்படிப் பேசும் என்று நானும் உள்ளூரப் பயந்துகொண்டுதான் இருந்தேன்.

அந்த ஞாயிறு அப்பாவும் நானும் போனோம். குழந்தையின் துணிகளைப் பையில் அடுக்கி வாசலோரம் வைத்திருந்தாள் அக்கா. எங்களைப் பார்த்ததும் காபி போட அடுக்களைக்குள் போய்விட்டாள். மாமா பலகாரம் வாங்கக் கடைக்குப் போயிருந்தார். குழந்தை அப்போதுதான் எதையாவது பிடித்துக்கொண்டு நிற்கப் பழகியிருந்தது. கட்டிலைப் பிடித்து எழுந்தது, கை நழுவி விழுந்தது. நெற்றி கட்டில் காலில் நன்றாகவே இடித்துக்கொண்டது.

நாங்கள் அலறலுக்குக் காத்திருந்தோம். அலறல் வரவில்லை. குழந்தை எங்களைப் பார்க்கவே இல்லை. அடுக்களைப் பக்கம் திரும்பியது. அக்காவின் முதுகுதான் தெரிந்தது. விறுவிறுவென்று தவழ்ந்து போய் அவள் காலை உள்ளங்கையால் தட்டியது. அக்கா திரும்பிக் குனிந்தாள். அவள் முகம் நேருக்கு நேர் வந்த பிறகுதான் குழந்தை அழுதது. வாய் கோணி, கண்ணீர் கொட்டி, முகமெல்லாம் சிவந்து அழுதது. கொஞ்சம்கூடச் சத்தம் இல்லை.

அப்பா ஆடிப்போய்விட்டார்.

"இன்னாடி இது? கொரலே வரல. இதுவும் ஊமையாப் பூடுச்சா?"

அப்பா ஓடிப்போய் அக்காவின் இடுப்பிலிருந்து குழந்தையை வாங்கினார். வாங்கிய கையோடு குழந்தை அவர் முகத்தைப் பார்த்தது. உடனே வீரிட்டது. கீழ்வீட்டுக்காரம்மா படியேறி வந்து எட்டிப் பார்க்கிற அளவுக்கு வீரிட்டது. பயந்துபோன அப்பா குழந்தையை அக்காவிடமே கொடுத்தார். சத்தம் நின்றது. கண்ணீர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

அப்பா என்னைப் பார்த்தார், நான் அக்காவைப் பார்த்தேன். அவள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு கையால் பேசினாள். இவர்களுக்கு இதுகூடத் தெரியாதா என்கிற சலிப்பு அவள் முகத்தில் இருந்தது.

"இன்னா சொல்றா?"

"அம்மாவக் கூப்ட சத்தம் ஒதவாதுன்னு அதுக்கு எப்பவோ தெரியுமாம். மூஞ்சியப் பாத்துதான் அயுவுமாம். கேக்கறவங்ககிட்ட சத்தமா, இவகிட்ட சத்தமில்லாம. யாரும் சொல்லிக் குடுக்கலையாம். கீழ்வூட்டம்மாகிட்ட தினமும் கத்திக்கினுதான் இருக்குதாம்."

அப்பா கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். காபி வந்தது, அவர் தொடவில்லை. அதற்குள் மாமா பலகாரப் பொட்டலத்தோடு வந்து, என்ன நடந்தது என்று தெரியாமல் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு நின்றார். அப்பா குழந்தையைப் பார்த்தபடி பேசினார். என் வாழ்நாளில் அவர் அவ்வளவு தாழ்ந்த குரலில் பேசிக் கேட்டதில்லை.

"இவ சின்னதா இருக்கசொல்ல, கரண்டு போச்சுன்னா அயுவா. நான் இருந்த எடத்துலேர்ந்தே 'தோ வந்துட்டேன் கண்ணு'ன்னு கொரல் குடுப்பேன். நிறுத்தவே மாட்டா. இன்னும் சத்தமா குடுப்பேன். காது கேக்கலன்னு டாக்டர் சொன்ன பெறகும் அப்டியேதான். கிட்ட போயி ஒரு தீக்குச்சி கிழிச்சு என் மூஞ்சியக் காட்டணும்னு தோணல. பிடிவாதம்னு நெனச்சேன்." அக்காவைக் காட்டி, "கேளு. அவளுக்கு ஞாபகம் கீதான்னு கேளு" என்றார்.

நான் கேட்டேன். ஒரு வார்த்தையும் சீவவில்லை.

அக்கா குழந்தையைத் தரையில் விட்டாள். வாசலோரம் இருந்த பையை எடுத்துவந்து கட்டிலில் அப்பாவுக்குப் பக்கத்தில் கவிழ்த்தாள். சட்டைகளை ஒவ்வொன்றாக உதறி மடித்து அலமாரியில் வைத்தாள். அப்பா தடுக்கவில்லை, மாமாவும் தடுக்கவில்லை. எல்லாம் முடிந்து கை காலியான பிறகு அவள் என்னைப் பார்க்காமல் அப்பாவுக்கு நேராக நின்று பதில் சொன்னாள்.

"இன்னா?" என்று அப்பா என் பக்கம் திரும்பினார்.

"இருட்டு மட்டும் ஞாபகம் இருக்குதாம்" என்றேன்.