தண்ணீரில் நான்காவது மாடி

ஷௌகி இதை என்னிடம் இரண்டு முறை சொன்னார். இரண்டு முறையும் ஒரு நிமிடம்கூடப் பிசகவில்லை. அதனால்தான் நம்புகிறேன்.

அலெக்சாந்திரியாவில் ஒரு பள்ளிக்கூடத்தில் அவர் எழுத்தர். மனைவி நக்வா இறந்து இருபது நாள் ஆகியிருந்தது. அழுகை வரவில்லை. பசியும் இல்லை. வேலை முடிந்ததும் கைப்பேசியோடு தெருத் தெருவாக நடப்பார். கடைக் கண்ணாடி, தேநீர்க் கெண்டி, மழைத் தண்ணீர்... எதில் எது தெரிந்தாலும் படம் எடுப்பார். எதையும் நேராகப் பார்க்கப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

அன்று மழை விட்டபோது பிற்பகல் மூன்று நாற்பது. டிராம் தண்டவாளங்களுக்கு நடுவே தண்ணீர் தேங்கியிருந்தது. எதிர்க் கட்டடம் அதில் தலைகீழாகக் கிடந்தது.

எடுத்தார். பார்த்தார். நான்காவது மாடி பால்கனியில் ஒரு பெண்.

நிமிர்ந்தார். கட்டடத்துக்கு மூன்று மாடிதான். அதற்கு மேல் வானம்.

பயம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

மூன்று நாற்பத்திரண்டு. இரண்டாவது படம். அவள் கயிற்றில் கூடையை இறக்கிக்கொண்டிருந்தாள். கீழே வந்து நிற்பவருக்கு வீட்டுச் சாவியை இறக்குவார்களே, அப்படி.

மூன்றாவது படம். கூடை முதல் மாடிக்கு வந்துவிட்டது.

அதன் பிறகு கைப்பேசி தேவைப்படவில்லை. தண்ணீரிலேயே தெரிந்தது. கூடை... உள்ளே ஒரு சாவி.

மேலே வரச் சொல்கிறாள். போனால் என்ன என்று தோன்றியது. குனிந்து கையை நீட்டினார்.

தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது.

டிங்... டிங்... எங்கோ மணிச் சத்தம்.

யாரோ சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தார்கள். முகத்தை உரசாத குறையாக டிராம் போனது.

இழுத்தவர் மூலை மளிகைக்கடை பெஷாரா. அவருக்கு மூச்சு வாங்கியது.

“எத்தனை தடவை கத்தறது? காதை என்ன வாடகைக்கு விட்டுட்டீங்களா?”

“மேல ஒரு பொம்பள... நாலாவது மாடியில...”

பெஷாரா அவருடைய ஈரக் கையைத் தன் சட்டையிலேயே துடைத்துவிட்டார்.

“அந்த மாடிய இடிச்சு ஒன்பது வருஷமாச்சுண்ணே. கூடை இறக்கும்போது பால்கனியோட விழுந்தா ஒருத்தி.”

மீதியைப் பெஷாரா ஒரு வாரம் கழித்துத்தான் சொன்னார். போன குளிர்காலத்தில் அதே இடத்தில் ஒரு கல்லூரி மாணவன் டிராமில் அடிபட்டுச் செத்திருக்கிறான். அவன் கைப்பேசி சட்டைப்பைக்குள் உடையாமல் இருந்தது. அதில் பதினோரு படங்கள். பத்து, தண்ணீரைப் பார்த்து எடுத்தவை.

போலீஸ்காரர் கடைசிப் படத்தைக் காட்டி, “இத யாருய்யா எடுத்தது?” என்று பெஷாராவைக் கேட்டாராம்.

அது மேலேயிருந்து எடுத்த படம். நாலு மாடி உயரத்திலிருந்து. கீழே தண்டவாளத்தில் அவன் குனிந்து, கையை நீட்டிக்கொண்டிருக்கிறான்.