இருபத்தைந்துக்குப் பதில் நாற்பது

எனக்கு ஐந்தாம் வகுப்புக்கு மேல் படிப்பில்லை. எழுத்து கோணலாகத்தான் வரும், நடுவில் சிலது மறந்தும் போகும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் வீட்டுக்காரர் தவறிப்போன பிறகு, சல்லிக் கிராமத்தில் எங்களுக்கிருந்த பைபர் வள்ளம் என் பெயருக்கு வந்தது. மகன் அதில்தான் மீன்பிடித் தொழிலுக்குப் போகிறான். எங்கள் வீட்டுக்கு வேறு வருமானம் இல்லை. இருபத்தைந்து குதிரைவலுவுக்கு மேல் இயந்திரம் பூட்டக்கூடாது என்று வள்ளத்தில் தகடு ஒட்டியிருக்கிறது. அவனோ நாற்பதைக் கொண்டுவந்து பூட்டிவிட்டான்.

"நான் போய்ச் சேர முன்னமே மற்றவங்கள் வலையை விட்டு முடிச்சிடுறாங்கள் அம்மா. இனிப் பாருங்கோ."

"தகட்டில..."

"அது சும்மா ஒட்டுறது."

புது இயந்திரம் பூட்டினால் முதல் ஓட்டத்துக்கு வள்ளத்தின் சொந்தக்காரர் ஏறவேண்டும் என்பது எங்கள் கரை வழக்கம். நாலு பேர் முன்னால் நடக்கவே கூச்சப்படுகிறவள் நான். மாரியம்மன் கோயில் திருநீற்றை இயந்திரத்தில் பூசி, தேங்காய் உடைத்து, எல்லோரும் பார்த்திருக்க என்னைத் தூக்காத குறையாக ஏற்றினார்கள். மகனுக்குப் பக்கத்தில், பின்னால் இருந்தேன்.

எடுத்தான் பாருங்கள் ஒரு ஓட்டம்! வள்ளத்தின் முன்பக்கம் அப்படியே எழும்பிவிட்டது. எனக்குத் தெரிந்ததெல்லாம் வானம்தான்.

"அம்மா, முன்னுக்குப் போங்கோ! அங்க பாரம் காணாது!"

தவழ்ந்து போய் முன்னால் குந்தினேன். வள்ளம் பணிந்தது. பறந்தோம். பொய் சொல்லக்கூடாது, எனக்கும் சிரிப்பு வந்தது. கரையோரமாகத் திரும்பி வரும்போது பக்கத்து வீட்டுக்காரர் கத்தினார்: "தம்பி, நாளைக்கும் கொம்மாவைக் கூட்டிக்கொண்டு போ, முன்னுக்குப் பாரம் வைக்கிற மண்மூட்டை மிச்சம்!"

அவருக்குப் பதில் சொல்ல மகன் வேகத்தைச் சட்டென்று குறைத்தான். வள்ளம் நின்றது. பின்னால் துரத்தி வந்த எங்கள் அலை நிற்கவில்லை. இயந்திரப் பாரத்தில் தாழ்ந்திருந்த பின்பக்கத்தால் ஏறி உள்ளே விழுந்தது. முழங்கால் அளவு தண்ணீர். தேங்காய்ப் பாதி இரண்டும் மிதக்கின்றன. நாலைந்து பேர் நீந்தி வந்து இழுத்துத்தான் கரை சேர்த்தார்கள்.

"கழட்டு," என்றேன்.

"ஒரு அலைதானே அம்மா."

"வெளிக்கடலில வந்தா ஆர் இழுப்பினம்? வள்ளம் என்ர பேரில கிடக்கு. கழட்டு."

அத்தனை பேர் முன்னால் அவ்வளவு சத்தமாக நான் பேசியதில்லை. சேலை வேறு நனைந்து ஒட்டிக் கிடந்தது. அவன் கழற்றினான். அந்த இயந்திரம் சாம்பல்தீவில் பெரிய வள்ளம் வைத்திருக்கும் ஒருவருக்குப் போனது. இப்போது மகன் பழைய இயந்திரத்தோடு, மற்றவர்களுக்கு அரை மணித்தியாலம் முந்திப் புறப்படுகிறான்.

கரையில் நின்று பார்த்த மருமகள் இதை ஒருக்கா வாசித்து, பிழையிருந்தால் திருத்தட்டும். மகனிடம் கேட்க வேண்டாம். தண்ணீர் கணுக்கால் அளவுதான் என்று சொல்லுவான்.