வெள்ளிக்கிழமைத் தரை

ஜூரோங்கில் ஊழியர்களுக்கு நடக்கும் பாதுகாப்பு வகுப்பில் எனக்கு வேலை. பயிற்றுநர் ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல நான் தமிழில் சொல்ல வேண்டும். தரை ஈரமாக இருந்தால் எச்சரிக்கைப் பலகை வை, அவசரப்படாதே, தூக்கம் கெட்ட நாளில் ஏணி ஏறாதே. நாள் முழுக்க இதே பேச்சு. உட்கார்ந்து பேசுகிற வேலைதானே என்பார்கள். உடம்பு நோகாது, உண்மைதான். சாயங்காலம் தலைக்குள் ஒன்றும் மிச்சமிருக்காது.

போன வருடம் அம்மா குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டாள். அதிலிருந்து வாக்கரைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறாள். இன்னொரு முறை விழுந்தால் எழுந்து நடப்பது கஷ்டம் என்று டாக்டர் சொன்னதிலிருந்து எனக்கு நிம்மதி இல்லை. வேலை நேரத்தில் கைப்பேசி அடித்தாலே அம்மா விழுந்துவிட்டாளோ என்றுதான் எடுப்பேன்.

அந்த வெள்ளிக்கிழமை தேக்கா சந்தையில் பூ வாங்கிக்கொண்டு குவீன்ஸ்டவுன் வீட்டுக்கு வந்தபோது மணி ஏழை நெருங்கியிருந்தது. விளக்கேற்றிய பிறகு வீட்டைப் பெருக்கவோ துடைக்கவோ கூடாது என்பது அம்மா போட்ட சட்டம். அதனால் வந்ததும் வராததுமாகக் கூடத்தைத் துடைத்தேன். சாமி படத்துக்குப் பூ வைத்து விளக்கேற்றினேன்.

"விளக்கு ஏத்தியாச்சு, வாம்மா" என்று அறையைப் பார்த்துக் குரல் கொடுத்தேன்.

அம்மாவின் வாக்கர் சத்தம் ஒருமுறை டக்கென்று கேட்டது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. தரை காயவே இல்லை. ஐந்து நிமிடத்துக்கு முன்னால் என் கையால் துடைத்த தரை!

"அம்மா, நில்லு!" என்று கத்திக்கொண்டே ஓடினேன். இரண்டாவது எட்டிலேயே கால் வழுக்கிப் பொத்தென்று விழுந்தேன். முழங்கை விண்ணென்று தெறித்தது. கிடந்தபடியே, அம்மாவும் விழுந்துவிட்டாளோ என்று பதறி அறை வாசலைப் பார்த்தேன்.

அம்மா வாசலுக்கு உள்ளேயே வாக்கரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"நான் இங்கதான் நிக்கிறேன் லா. நீ மெதுவா எந்திரி."

"கூப்பிட்டேனே, நீ வரலியா?"

"ஈரம் காயட்டும்னு நின்னேன். வெள்ளிக்கிழமை நீ கூப்பிட்டா நான் உடனே வர்றதில்ல. போன வாரமும் தொடச்ச கையோட கூப்பிட்ட. அதுக்கு முந்தின வாரமும்தான்."

எனக்கு அதில் ஒன்றுகூட ஞாபகம் இல்லை.

"ஏம்மா சொல்லல?"

"சொன்னா அதையும் நெனச்சுக் கவலப்படுவ. ஏற்கெனவே மூஞ்சி செத்துக் கெடக்கு."

முழங்கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன். இத்தனை வாரமும் அம்மாவை விழாமல் பார்த்துக்கொண்டது நான் இல்லை.