வாகோலி நீலம்

புனேயில் எங்களுக்குத் தெரிந்த தமிழ்க் குடும்பங்களின் வரவேற்பறை ஷோகேஸ்களில் பொம்மைகளும் பீங்கான் கோப்பைகளும் இருந்தன. எங்கள் வீட்டில் கற்கள் இருந்தன. அம்மா திருச்சியில் நிலவியல் முதுகலை படித்தவள். தேர்வு முடிந்த கையோடு கல்யாணம். அப்பாவுக்குப் பாதுகாப்புத் துறை அலுவலகம் ஒன்றில் உத்தியோகம், கட்கியில் குவார்ட்டர்ஸ். வேலைக்குப் போக அம்மா எடுத்த முயற்சிகள் எல்லாம் நான் பிறப்பதற்கு முன்பே ஓய்ந்துபோயிருந்தன.

ஆனால் ஊர் அவளுக்குச் சாதகமாக இருந்தது. புனேயைச் சுற்றிலும் கரும்பாறை. ஜல்லிக்காக அதை உடைக்கும்போது உள்ளே சின்னச் சின்னப் பொந்துகள் திறக்கும். பொந்துக்குள் படிகங்கள் பூத்திருக்கும். நான் நாலாம் வகுப்பு படித்த வருஷம், விடுமுறை நாட்களில் அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு இரண்டு பஸ் மாறி வாகோலி குவாரிகளுக்குப் போவாள். கையில் குடை, பையில் சுத்தியல், எனக்குப் புளிசாதம். வேட்டு வைக்காத நேரத்தில் கழிவுக் குவியலைக் கிளற அங்கே விட்டார்கள். கூடவே குழந்தையும் வருவதால் யாரும் அவளைத் தப்பாக நினைக்கவில்லை.

அவள் தேடியது ஒரு நீலம். உலகத்தில் விரல்விட்டு எண்ணக்கூடிய இடங்களில்தான் அது கிடைக்கிறது என்பாள். வெள்ளைப் படிகங்களின் மேல் குட்டி நீலப் பந்துகளாக உட்கார்ந்திருக்கும். அதற்குப் பெயர் கேவன்சைட்.

"கால்சியம், வனேடியம், சிலிக்கா, கொஞ்சம் தண்ணி. வனேடியம்தான் இந்த நீலத்தக் குடுக்குது" என்று வாய்ப்பாடு போல எனக்குச் சொல்லிக்கொடுத்தாள்.

அந்த மார்கழியில் ஒரு நாள், உடைத்த கட்டியின் உள்ளே அவள் பார்த்தது பந்து இல்லை. ஊசிகள். மயில்கழுத்து நிறத்தில், பிரிந்து பிரிந்து நின்ற மெல்லிய ஊசிகள். நான் விரலை நீட்டினேன்.

"தொடாத! மூச்சுகூடப் படக்கூடாது."

பூதக்கண்ணாடியை வைத்து ஓர் ஊசியின் நுனியை எனக்குக் காட்டினாள். அஞ்சு முனை நட்சத்திரம் மாதிரி இருந்தது. அதே கால்சியம், அதே வனேடியம்தான். உள்ளே அடுக்கியிருக்கும் விதம் மட்டும் வேறு. அதனால் இது வேறு கல், பென்டகோனைட். கேவன்சைட்டைவிட அபூர்வம். பஸ்ஸில் வீடு வரும்வரை அதை மடியில் வைத்து இரண்டு கைகளாலும் அணைகட்டியிருந்தாள். நான் தாகமென்று சொன்னது அவள் காதில் விழவேயில்லை.

உதிர்ந்த ஒரு துணுக்கை எடுத்துக்கொண்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவரைப் போய்ப் பார்த்தாள். அவர் நுண்ணோக்கியில் நெடுநேரம் பார்த்துவிட்டு, புதன்கிழமை முழுக் கல்லையும் கொண்டுவரச் சொன்னார். அவள் நினைப்பது சரியென்றால், தன்னுடைய ஆராய்ச்சியிலேயே அவளைச் சேர்த்துக்கொள்வதாகவும் சொன்னாராம். அன்று சாயங்காலம் அம்மா அதை அப்பாவிடம் சொன்னாள். அப்பா கிரிக்கெட் பார்த்துக்கொண்டே "பேஷ், பேஷ்" என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பாவின் பெரிய அதிகாரியும் அவர் மனைவியும் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தார்கள். அப்பாவுக்கு அஸ்ஸாமுக்கு மாற்றல் வரும் போலிருந்தது. அதை நிறுத்தக்கூடியவர் அவர்தான். சாப்பாடு முடிந்ததும் அந்த அம்மாள் ஷோகேஸ் முன்னால் நின்று, "கித்னா சுந்தர் ஹை!" என்று நீலத்தைக் காட்டி வியந்தார். அப்பா கதவைத் திறந்து கல்லை எடுத்து அவர் கையிலேயே கொடுத்துவிட்டார். எடுத்துக்கொள்ளுங்கள் மேடம், இவளிடம் இன்னும் எவ்வளவோ இருக்கிறது என்று இந்தியில் சொன்னார்.

பாயசக் கிண்ணங்களோடு அம்மா சமையலறையிலிருந்து வந்தாள். அந்த அம்மாளின் கையைப் பார்த்தாள். பிறகு அப்பாவைப் பார்த்தாள். அப்பா சிரித்துக்கொண்டிருந்தார். அம்மா தட்டை வைத்துவிட்டு, கல்லைத் திருப்பி வாங்கி, என் ஷூ டப்பாவில் பஞ்சு பரப்பி அதைப் பதமாக வைத்துக் கொடுத்தாள். ஊசிகளைத் தொடாதீர்கள் என்று மட்டும் இந்தியில் சொன்னாள்.

அவர்கள் போனதும் சொன்னாள்: "ஏங்க, புதன்கிழமை யூனிவர்சிட்டிக்குக் கொண்டு போகணும்னு சொன்னது அந்தக் கல்லைத்தான்."

"அதுவா? எனக்கு எப்படித் தெரியும்? எல்லாம் கல்லாத்தானே இருக்கு. வேற ஒண்ணக் கொண்டு போயேன்."

"வேற இல்லைங்க."

"அஸ்ஸாம் போயிட்டா யூனிவர்சிட்டி ஏது, எல்லாந்தான் ஏது? சொல்லு."

அம்மா பாத்திரம் தேய்க்கப் போனாள்.

மறுநாள் என்னைப் பள்ளிக்கு அனுப்பாமல் வாகோலிக்குக் கூட்டிப் போனாள். அந்தப் பொந்து இருந்த பாறைமுகமே இல்லை. வேட்டு வைத்துப் பெயர்த்து, கிரஷரில் அரைத்து, லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். குவிந்து கிடந்த ஜல்லியை அம்மா இரு கைகளாலும் வாரி வாரிப் பார்த்தாள். நகக்கண்ணில் ரத்தம் கட்டும்வரை பார்த்தாள். லாரிக்காரர் ஹாரன் அடித்த பிறகுதான் எழுந்தாள்.

செவ்வாய்க்கிழமை மைசூர்பாகு கிளறி டப்பாவில் போட்டுக்கொண்டு அதிகாரி வீட்டுக்குக் கிளம்பினாள். ஒரே ஒரு நாளைக்குக் கல்லை இரவல் கேட்கப் போகிறோம் என்று என்னிடம் சொன்னாள். இந்தியில் எப்படிக் கேட்பது என்று வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே வந்தாள்.

அந்த அம்மாள் எங்களை அன்பாக வரவேற்று, வாருங்கள், உங்கள் கல்லை எங்கே வைத்திருக்கிறேன் என்று பாருங்கள் என்று உள்ளே அழைத்துப் போனார். அங்கே ஒரு பெரிய மீன் தொட்டி. நடுவில் எங்கள் கல். குவாரித் தூசு போக வேலைக்காரப் பெண் பிரஷ் போட்டு நன்றாகத் தேய்த்துவிட்டாள் என்றார். ஊசிகள் இருந்த இடத்தில் வெளிறிய நீலத் தீற்றல் மட்டும் இருந்தது. ஒரு தங்கமீன் அதை உரசிக்கொண்டு போயிற்று.

அம்மா குனிந்து தொட்டியையே பார்த்துக்கொண்டு நின்றாள். டீ ஆறிப்போனது. கடைசியில் நிமிர்ந்து, "பஹுத் அச்சா ஹை", ரொம்ப நன்றாக இருக்கிறது என்றாள். முணுமுணுத்து வைத்திருந்ததை அவள் கேட்கவேயில்லை. மைசூர்பாகு டப்பாவைக் கொடுத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள். புதன்கிழமை அவள் எங்கும் போகவில்லை.

அப்பாவின் மாற்றல் நின்றது. ஆனாலும் அவருக்கு மனசு உறுத்தியிருக்க வேண்டும். அம்மா ஏன் சரியாகப் பேசுவதில்லை என்று என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார். எனக்குத் தெரிந்ததை நான் உற்சாகமாகச் சொன்னேன்.

"அவங்க வீட்டு மீன் தொட்டி அம்மாவுக்கு ரொம்பப் புடிச்சிருச்சுப்பா. கண்ணே எடுக்காமப் பாத்துக்கிட்டே இருந்தாங்க."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆட்டோவில் ஒரு தொட்டி வந்து இறங்கியது. அதிகாரி வீட்டுத் தொட்டியைவிடப் பெரியது. அதை வைக்க இடம் வேண்டுமென்று ஷோகேஸை அப்பாவே நகர்த்தினார். தண்ணீர் நிரப்பி, விளக்கைப் போட்டு, அம்மாவைக் கூப்பிட்டு முன்னால் நிறுத்தினார்.

"புடிச்சிருக்கா?"

அம்மா அவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "ம்" என்றாள்.

நான் கைதட்டினேன். மறுநாள் வகுப்பில் எல்லோரிடமும் சொன்னேன்: எங்கள் அம்மா ரொம்ப நாளாக ஆசைப்பட்டது வீட்டுக்கு வந்துவிட்டது, அதுவும் என்னால்தான் வந்தது என்று.