கிரில்கடை அக்காவும் அண்ணன் முறித்த ஸ்டட்டும்

ஒரே சுவர்தான். இந்தப் பக்கம் கார் ஒர்க்‌ஷாப், அந்தப் பக்கம் ஜன்னல் கம்பியும் கேட்டும் செய்கிற கிரில் கடை. ஒர்க்‌ஷாப் அண்ணனுடையது, கிரில் கடை தங்கையுடையது. கடவுள் அண்ணனுக்குத் திறமையை எல்லாம் வாயில் வைத்துவிட்டு, மிச்சம் இருந்ததைத் தங்கையின் கையில் போட்டுவிட்டார் என்று தெருவில் பேசிக்கொள்வார்கள். அண்ணனும் இதைச் சொல்லிச் சிரிப்பார், ஏதோ பாராட்டு என்று நினைத்து.

கடை அவள் புருஷன் ஆரம்பித்தது. கறுப்புக் கண்ணாடி எல்லாம் கத்துக்குட்டிக்குத்தான் என்று வெறுங்கண்ணோடு வெல்டிங் வைத்த மகாவீரர் அவர். இப்போது வெளிச்சம் எது, நிழல் எது என்று மட்டும் தெரியும். அவர் வீட்டோடு உட்கார்ந்த அன்றிலிருந்து வெல்டிங் ராடு அவள் கைக்கு வந்தது. உடைந்த நாற்காலி, கழன்ற கேட் கொக்கி என்று தெரு தன் ஓட்டை உடைசலை எல்லாம் அவளிடம் கொண்டுவரும். பெரிய வேலை மட்டும் வராது. கடைக்கே கண்ணு போச்சே என்று ஊர் முடிவு கட்டிவிட்டது.

தெருக்கோடியில் கான்ட்ராக்டர் மூன்று மாடி எழுப்பிக்கொண்டிருந்தார். அத்தனை ஜன்னலுக்கும் கம்பி வேண்டும். அது கிடைத்தால் கடை பிழைக்கும், கிடைக்காவிட்டால் ஷட்டரை இறக்கிவிட்டு யார் வீட்டிலாவது பாத்திரம் தேய்க்கப் போக வேண்டியதுதான். போய்க் கேட்டாள். அவர் அவளை ஏறிட்டும் பார்க்கவில்லை. "வீட்டுக்காரருக்குக் கண்ணு சரியாகட்டும்மா, அப்புறம் பாக்கலாம்" என்றார்.

அந்தக் கான்ட்ராக்டரின் பழைய கார்தான் அண்ணனிடம் வந்தது. அவருடைய அப்பா ஓட்டிய கார், அவருக்கு உயிர். எஞ்சினிலிருந்து புகை போகும் குழாயின் மூட்டில் சத்தம், அவ்வளவுதான். குழாயை எஞ்சினோடு சேர்த்துப் பிடித்திருப்பது மரை போட்ட நாலு கம்பி. ஸ்டட் என்பார்கள். துரு ஏறின ஸ்டட்டுக்கு எண்ணெய் விட்டு, சூடு காட்டி, நைச்சியமாகப் பேசித்தான் நட்டைக் கழற்ற வேண்டும். அண்ணன் ஸ்பேனரைப் போட்டு உடம்பு மொத்தத்தையும் அதன்மேல் சாய்த்தார். 'டொக்' என்று முறிந்தது. நகக்கண் அளவுக்கு முனை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது, மீதி எஞ்சினுக்குள்ளே.

மாசக்கணக்கில் எட்டிப் பார்க்காதவர் கிரில் கடை வாசலில் வந்து நின்றார்.

"என்னம்மா, நல்லா இருக்கியா?"

"என்னத்த உடைச்ச?" என்றாள்.

அவர் சொன்னார். அவள் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டாள். "எடுத்துத் தரேன். ஆனா கான்ட்ராக்டர் வரும்போது நான் எடுத்தேன்னு நீ சொல்லணும். ஜன்னல் வேலைக்கு அது போதும்."

"என் வாயால சொல்றேன். கூடப்பிறந்தவளுக்கு இதுகூடச் செய்ய மாட்டேனா?"

உள்ளிருந்து புருஷன், "வெல்டிங்குக்கு முன்னாடி கார் பேட்டரி ஒயரைக் கழட்டி வைக்கச் சொல்லு" என்று குரல் கொடுத்தார். மச்சானோடு அவருக்குப் பேச்சு வார்த்தை இல்லை.

ஒடிந்த முனைமேல் ஒரு நட்டை உட்கார வைத்து, ஓட்டைக்குள் வெல்டிங்கை நிரப்பி, இரண்டையும் ஒன்றாக்க வேண்டும். முதல் நட்டு பிடிக்கவில்லை, திருப்பியதும் கையோடு வந்துவிட்டது. துருவைச் சுரண்டி இரண்டாவது நட்டை வைத்தாள். முகத்தில் முழு மூடி, உடம்பில் புருஷனின் பழைய காக்கிச் சட்டை. பானெட்டுக்குள் பாதி ஆளாகக் குனிந்திருந்தவளை ஆணா பெண்ணா என்று யாரும் சொல்லமுடியாது. அந்த நேரம் பார்த்துக் கான்ட்ராக்டர் வந்து நின்றார்.

"சத்தம் வருதுன்னுதானே விட்டேன்? எஞ்சின்ல என்ன வெல்டிங்? யாரு உடைச்சது?"

அண்ணன் மூச்சு விடும் நேரம்கூட யோசிக்கவில்லை. "பக்கத்துக் கடைப் பொம்பளைய உதவிக்குக் கூப்பிட்டேன் சார். அது முறிச்சிருச்சு. நான்தான் இப்ப ஆள் வச்சு சரி பண்ணிக்கிட்டிருக்கேன்."

அவள் மூடியைத் தூக்கினாள்.

"நான் உடைக்கல சார். உடைச்சது இவரு. எடுக்கத்தான் நான் வந்தேன்."

கான்ட்ராக்டர் அவளைப் பார்த்தார். கையில் பிடித்திருந்த ராடைப் பார்த்தார். தரையில் கருகிக் கிடந்த முதல் நட்டையும் பார்த்தார். அண்ணன் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். "தங்கச்சி சார். சின்னதுல இருந்தே இப்படித்தான், ஒண்ணு சொல்லிடக் கூடாது."

"உங்க குடும்பச் சண்டைய வீட்டுல வச்சுக்கங்க. சாயந்தரம் வண்டி வேணும்" என்று சொல்லிவிட்டு அவர் போனார்.

போட்டது போட்டபடி கேபிளைச் சுருட்டிக்கொண்டு கிளம்பியிருப்பாள். இரண்டடி வைத்தாள்கூட. போனால் என்ன ஆகும்? முறித்துவிட்டு ஓடிவிட்டாள் என்பார் அண்ணன், ஊரும் தலையாட்டும். அவர் சொன்ன பொய்க்கு அவளே சாட்சிக் கையெழுத்துப் போட்ட மாதிரி ஆகிவிடும். திரும்பி வந்து மூடியை இறக்கினாள்.

இந்தத் தடவை நட்டு பிடித்தது. சிவப்பு அடங்கும்வரை காத்திருந்து, மெழுகுவத்தியை வைத்துத் தேய்த்தாள். மெழுகு உருகி மரைக்குள் இறங்கியது. ஸ்பேனரை முன்னே கொஞ்சம், பின்னே கொஞ்சம் அசைத்தாள். 'க்ரீச்' என்று ஒரு முனகல். அப்புறம் ஒவ்வொரு சுற்றாக மொத்தமும் வெளியே வந்தது.

"உன் கைக்குத் தங்க வளையல் போடணும்" என்றார் அண்ணன்.

"அவரு முன்னாடி அந்த வாய் எங்க போயிருந்துச்சு?"

"என்ன பண்ணச் சொல்ற? என் கடை பேரு கெட்டுச்சுன்னா? எனக்கு ரெண்டு பொண்ணு."

"எனக்கு ஒரு குருடன்" என்றாள்.

கான்ட்ராக்டரின் எஞ்சினை முறித்தவள் என்ற பட்டம் இருட்டுவதற்குள் டீக்கடைவரை போய்விட்டது. ஜன்னல் வேலை வேறொரு கடைக்குப் பேசியாகிவிட்டது என்ற சேதியும் அதே வழியாகத் திரும்பி வந்தது.

அவள் உள்ளே வந்தபோது புருஷன் சுவரை ஒட்டி உட்கார்ந்திருந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"வந்திருச்சுல்ல? சத்தம் கேட்டுச்சு. முழுசா வந்த சத்தம்."

"வந்துச்சு."

"கான்ட்ராக்டர் பாத்தாரா?"

"பாத்தாரு."

"அப்புறம் என்ன. மூணு மாடி." அவர் விரல் விட்டு எண்ண ஆரம்பித்தார். "முதல்ல பன்னிரண்டு எம்எம் கம்பி சொல்லிடு. வெட்டுற மிஷினுக்குப் பிளேடு மாத்தணும்."

அவள் காக்கிச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். அவர் இரண்டாவது மாடி ஜன்னலுக்குப் போயிருந்தார். நிறுத்தச் சொல்லாமல் அவள் போய் ஷட்டரை இறக்கினாள்.