ஆயுத பூஜையன்று கன்னத்தில் விழுந்தது

கிளெமென்ட் ஆயுத பூஜைத் தட்டைக் காலால் எட்டி உதைத்துவிட்டார் என்று பெங்களூர் நீலசந்திரா முழுக்கப் பேச்சு. முடிவெட்டும் கடையில் அது ஒரு தேங்காய் உருண்ட அளவில்தான் இருந்தது. ரேஷன் கடை வரிசைக்குப் போவதற்குள் சாமி படமும் உடைந்துவிட்டது. மீன் கடையில் நான் கேட்டபோது, தடுக்க வந்தவரை அடித்துப் பல்லையும் கழற்றியிருந்தார். "அவங்க ஆளுங்களுக்கு நம்ம சாமின்னா ஆகாது" என்று மீன்காரர் விளக்கினார். கிளெமென்ட் அவரிடம் இருபது வருடமாக வெள்ளிக்கிழமை தவறாமல் மீன் வாங்குகிறவர்.

இந்த வேகத்தில் போனால் மறுநாள் கோபுரமே சாய்ந்துவிடும் என்று பயந்து, பத்திரிகைக்கு எழுதுகிற நான் கிளெமென்ட் வீட்டுக்கே போனேன்.

அவருக்கு ஐம்பத்திரண்டு வயது. பீன்யா பக்கம் முலாம் பூசும் கம்பெனி ஒன்றில் பத்தொன்பது வருட வேலை. போல்ட்டுகளை முதலில் ஆசிட்டில் முக்கித் துரு நீக்குவார்கள்; கழுவிய பிறகு சயனைடு தொட்டியில் இறக்கி முலாம் ஏற்றுவார்கள். இந்த இரண்டின் கழிவு நீரும் ஓரிடத்தில் சேர்ந்தால் விஷவாயு கிளம்பும். ஆகவே அங்கே இரண்டு கால்வாய்கள். இதைப் புரிந்துகொள்ளப் பட்டம் வேண்டாம். மேனேஜர் ராகேஷிடம் இரண்டு பட்டம் இருக்கிறது.

கதவைத் திறந்தவர் கிளெமென்ட்டின் மனைவி பெட்டி. "நீங்களும் தட்டு விஷயமா? உக்காருங்க. மூணு வாரமா சஸ்பென்ட். வீட்டுல சும்மா இருக்க முடியாம, பாத்ரூம் பாட்டிலுக்கெல்லாம் பேர் எழுதி ஒட்டிட்டு இருக்காரு."

"ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் பக்கத்துல பக்கத்துல வச்சிருக்கா சார்" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "இருபத்தாறு வருஷக் கல்யாணம். எப்படித் தப்பிச்சேன்னே தெரியல."

நடந்தது இதுதான். அந்த வருடப் பூஜைக்குப் போல்ட் வாங்குகிற பெரிய கம்பெனியின் அதிகாரி வருவதாக இருந்தது. அவர் நிற்க மேடை வேண்டுமே. நல்ல இடத்தில் ஆசிட் கால்வாய் ஓடியது. ராகேஷ் அதில் மணல் மூட்டை அடைத்து, பலகை போட்டு, கம்பளம் விரித்து, வாழைமரம் கட்டி, இரண்டு ஸ்பீக்கரும் வைத்துவிட்டார். பூஜைக்கு முன் தொட்டி, தரை எல்லாவற்றையும் கழுவுவது அங்கே வழக்கம். ஆசிட் தண்ணீர் எந்த வழியாகப் போகும்? "ஒருநாள்தானே, இந்தப் பக்கம் விடுங்க" என்று ராகேஷ் சயனைடு கால்வாயைக் காட்டினார்.

அப்போது கிளெமென்ட் அங்கில்லை. திருஷ்டிப் பூசணிக்காய் வாங்கப் போயிருந்தார். பத்தொன்பது வருடமாக அந்தக் கம்பெனிக்குப் பூசணிக்காய் பார்த்து வாங்குகிறவர் இந்தக் கிறிஸ்தவர்தான். மற்றவர்கள் வாங்கினால் அழுகலாக வருமாம்.

தோளில் காயோடு திரும்பியபோது, முனிகிருஷ்ணன் என்கிற சக தொழிலாளி குனிந்து ஆசிட் தொட்டியின் வால்வைத் திறக்கப் போனார். குழாயின் வாய் தவறான கால்வாயில் கிடந்தது. கிளெமென்ட் கத்தினார். ஸ்பீக்கரில் பக்திப் பாட்டு. காயைப் போட்டுவிட்டு ஓடினார்; ஓடிய வேகத்தில் ஓங்கி ஓர் அறை. முனிகிருஷ்ணன் பூஜைத் தட்டின் மேல் விழுந்தார். தேங்காய் உருண்டது. பதினொரு பேர் உயிரோடு நின்று அதை வேடிக்கை பார்த்தார்கள்.

"பல்லு?" என்றேன்.

"எல்லாம் பத்திரமா இருக்கு. அடிக்காம கையைப் பிடிச்சிருக்கலாம்தான். எனக்கு ஆண்ட்ரூ ஞாபகம் வந்துடுச்சு சார். முன்னாடி வேற கம்பெனில என்கூட ஷிப்ட் பார்த்தவன். இதே மாதிரி குனிஞ்சான். நிமிரல."

ராகேஷ் ஒரு கடிதம் தயாரித்து அனுப்பியிருந்தார். சக ஊழியர்களின் மத உணர்வைப் புண்படுத்தியதற்கு மன்னிப்புக் கேட்டுக் கையெழுத்துப் போட்டால் வேலை. இல்லையென்றால் பத்தொன்பது வருடமும் போச்சு. அதில் எந்த இடத்திலும் கால்வாய் என்ற சொல் இல்லை.

"முனிகிட்ட கேக்குறேன். சாமிகிட்ட கேக்குறேன், ரெண்டு சாமிகிட்டயும். இதுல போட மாட்டேன்."

"போட்டா சோறு" என்றார் பெட்டி.

"போட்டா அடுத்த வருஷமும் அதே இடத்துல மேடை போடுவான் பெட்டி."

ராகேஷிடம் போனில் பேசினேன். மரியாதையான மனிதர். "கெமிக்கல் விஷயமெல்லாம் எழுதாதீங்க சார். எங்க கேட்டுல போர்டு இருக்கு, வந்து பாருங்க. ஆயிரத்து நூத்தி அறுபது நாளா விபத்தே இல்ல."

போய்ப் பார்த்தேன். பலகைக்கு மாலை போட்டுக் குங்குமம் வைத்திருந்தார்கள். வாயிலோரம் இருந்த முதலுதவிப் பெட்டியைத் திறந்தால் பஞ்சு, ஊதுபத்தி, தீப்பெட்டி. பூஜையன்றும் பலகையில் ஒரு நாள் கூட்டியிருக்கிறார்கள். நியாயம்தான், யாரும் சாகவில்லையே. யாரும் சாகாததால் விபத்து இல்லை, விபத்து இல்லாததால் தடுத்தவருக்குத் தண்டனை. பதினொரு பேரும் செத்திருந்தால் கிளெமென்ட் சொன்னது சரி என்று விசாரணைக் குழு எழுதியிருக்கும். ஒருவர் சரி என்று நிரூபிக்கப் பதினொரு பிணம் கேட்கிற நிர்வாகத்துக்கு, வருடா வருடம் பூசணிக்காய் உடைத்து என்ன பிரயோஜனம்?

நான்காவது வாரம் ராகேஷுக்கு ஞானம் வந்தது. அது எந்த விசாரணையிலிருந்தும் வரவில்லை. ஒரு லாரியில் வந்தது. கிளெமென்ட் இல்லாமல் தொட்டியின் பக்குவம் பார்க்க ஆளில்லை. முலாம் கொப்பளித்து உரிந்தது. லாரி நிறையப் போல்ட்டைத் திருப்பி அனுப்பிவிட்டார் அந்தப் பெரிய கம்பெனி அதிகாரி.

"நாளைக்கே வந்துடுங்க கிளெமென்ட். லெட்டரெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்" என்றார் ராகேஷ்.

"முதல்ல கால்வாயத் தொறங்க. அது மேல எதுவும் வைக்க மாட்டோம்னு கம்பெனி சீல் போட்டு எழுதிக் கொடுங்க. வர்றேன்."

எழுதிக் கொடுத்தார்கள். பதினொரு உயிர் அசைக்க முடியாத பேனாவை ஒரு லாரி போல்ட் அசைத்துவிட்டது. கிளெமென்ட் எதிலும் கையெழுத்துப் போடாமல் வேலைக்குத் திரும்பினார்.

முதல் நாளே முனிகிருஷ்ணன் தொட்டியருகில் வந்து நின்றார்.

"அண்ணே, உயிரைக் காப்பாத்துனீங்க, அது வேற. எல்லார் முன்னாடியும் அடிச்சீங்க. ஒரு அறை பாக்கி இருக்கு."

"நியாயம்" என்று கிளெமென்ட் பாதுகாப்புக் கண்ணாடியைக் கழற்றிக் கன்னத்தைக் காட்டினார்.

"இங்க கண்ணாடியக் கழட்டாதீங்க. ஆசிட் தெறிக்கும். நீங்க போட்ட ரூல்தானே. சாயந்தரம் வெளிய வாங்க, குடுக்குறேன்."

சாயந்தரம் இருவரும் கேட்டுக்கு வெளியே வந்து நின்றார்கள். அதற்குள் மெஜஸ்டிக் பஸ் வந்துவிட்டது. முனிகிருஷ்ணன் ஓடிப்போய் ஏறிக்கொண்டார்.